பிள்ளைக்கு அரைப்பேர் போடலாமா? சுயமதிப்பு பற்றி மலையகப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலைக்குப் போய், சொன்ன கிலோவுக்குக் தேயிலைக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். நானும் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள்தான். அம்மா அரைப்பேரோடு வந்த நாட்களில் வீட்டில் யாரும் வாய் திறக்கமாட்டோம். பிறகு ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பாடசாலைகளில் 22 வருடம் படிப்பித்தபோது ஒன்றைக் கண்டேன். தராசுக்கு முன்னால் நின்று நின்று பழகிய நாம், அதே தராசை வீட்டுக்கும் தூக்கி வந்துவிடுகிறோம். பிள்ளை 80 எடுத்தால் முழுப்பேர், 45 எடுத்தால் அரைப்பேர். பெற்றோர் கூட்டத்திலும் கோயில் வாசலிலும் பஸ்ஸிலும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன, சொல்ல நினைத்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

சுயமதிப்பு, சுயமதிப்பு என்கிறீர்களே டீச்சர், அது திமிர்தானே?

இல்லை. ‘நான் மற்றவனைவிடப் பெரியவன்’ என்பது திமிர். ‘நானும் ஒரு ஆள், எனக்கும் பெறுமதி உண்டு, இன்றைக்குப் பிழை விட்டாலும் அது என்னை விட்டுப் போகாது’ என்பது சுயமதிப்பு. மொரிஸ் ரோசன்பேர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1965ல் இதை அளப்பதற்கு ஒரு வினாத்தாள் செய்தார். மொத்தம் 10 வசனம்தான். உலகம் முழுக்க இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ‘நான் எல்லாரையும்விடச் சிறந்தவன்’ என்று ஒரு வசனம்கூடக் கிடையாது. மற்றவர்களுக்குச் சமமாக நானும் பெறுமதியுள்ளவன் என்று நினைக்கிறேனா, பெரும்பாலானவர்கள் செய்வதை என்னாலும் செய்ய முடிகிறதா, இப்படித்தான் அது கேட்கும்.

திமிர் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்துப் பிள்ளைகளையும் பெற்றோரையும் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2015ல் வந்தது. ‘என் பிள்ளை மற்றப் பிள்ளைகளைவிட உசத்தி’ என்று எண்ணும் பெற்றோரின் பிள்ளைகளிடம் காலப்போக்கில் தற்பெருமை கூடியது. அன்பும் அரவணைப்பும் கிடைத்த பிள்ளைகளிடம் சுயமதிப்பு கூடியது. இரண்டும் வேறு வேறு விதையில் முளைக்கிற செடிகள். அதனால் அன்பு காட்டினால் பிள்ளைக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று பயப்படாதீர்கள்.

எந்த வயதிலிருந்து இதைக் கவனிக்க வேண்டும்?

தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு இடமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போகிற வயதிலிருந்தே. சின்னப் பிள்ளைக்கு ‘நான் பெறுமதியான ஆளா’ என்று யோசித்துச் சொல்லத் தெரியாது. 8 வயதுக்குக் கிட்டத்தான் அப்படித் தன்னை மொத்தமாகப் பார்க்கப் பழகும். ஆனால் அழுதபோது யார் வந்தார்கள், காட்டியதை யார் பார்த்தார்கள் என்பதெல்லாம் அதற்கு முன்னமே மனதில் சேர்ந்துவிடும். 11லிருந்து 15 வரை சுயமதிப்பு பெரிதாகக் கூடாமல் நின்றுவிடும், அதற்குப் பிறகு மறுபடி ஏறும் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆகவே 13 வயதில் பிள்ளை சுருங்கிப் போனது மாதிரித் தெரிந்தால் எல்லாம் கைவிட்டுப் போயிற்று என்று நினைக்க வேண்டாம்.

அடிக்கடி புகழ்ந்தால் போதுமா? எங்கள் வீட்டில் பாட்டி, ‘புகழாதே, கண்ணூறு படும்’ என்கிறார்.

பாட்டி சொல்வதிலும் ஒரு கருத்து இருக்கிறது. எல்லாப் புகழும் நல்லது செய்வதில்லை. 1998ல் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த சோதனை ஒன்று. முதலில் எல்லாருக்கும் சில வடிவப் புதிர்கள். முடித்ததும் ஒரு பகுதியினரிடம் ‘நீ கெட்டிக்காரன்’ என்றார்கள். இன்னொரு பகுதியினரிடம் ‘நல்லா முயற்சி செய்திருக்கிறாய்’ என்றார்கள். அடுத்து என்ன வேண்டும் என்று கேட்டபோது, கெட்டிக்காரன் என்று பேர் வாங்கிய பிள்ளைகளில் அதிகமானோர் சுலபமானதையே எடுத்தார்கள், கிடைத்த பேர் போய்விடுமோ என்ற பயத்தில். பிறகு கடினமான புதிரில் தோற்றதும் அவர்கள்தான் அதிகம் சோர்ந்தார்கள். வாங்கிய புள்ளியைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களிடையேதான் அதிகம். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் கடினமானதைக் கேட்டு வாங்கினார்கள்.

அளவுக்கு மீறிய புகழும் உதவாது. ஏற்கெனவே தன்னைக் குறைவாக நினைக்கும் பிள்ளையிடம் ‘உலகத்திலேயே அழகான படம்!’ என்றால், அடுத்த முறை அது கடினமான படத்தைத் தொடவே தயங்கும். அந்த உயரத்தை மறுபடி எப்படித் தொடுவது என்று அதற்குப் பயம்.

சரி, எப்படிச் சொல்வது? பார்த்ததைச் சொல்லுங்கள். ‘நேற்று விட்ட அதே கணக்கை இன்றைக்கு நீயாகவே போட்டுவிட்டாய்.’ ‘தங்கச்சி அழுதபோது நீ எழும்பிப் போனாய், நான் பார்த்தேன்.’ இதற்கெல்லாம் கண்ணூறு படாது, பாட்டியிடம் சொல்லுங்கள். நம் வீடுகளில் புகழ்ச்சி கூடிக் கெட்ட பிள்ளைகளை நான் அதிகம் கண்டதில்லை. ஒரு நல்ல வார்த்தை கேட்காமலே வளர்ந்த பிள்ளைகளைத்தான் நிறையக் கண்டிருக்கிறேன்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மகன் 9 புள்ளி குறைவு. நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன சொல்வது?

முதலில், அவன் எதைக் கண்டு இப்படி ஆனான் என்று பாருங்கள். பரீட்சையில் தவறியதாலா, உங்கள் முகத்தைப் பார்த்ததாலா? பத்து வயதுப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி என்பது ஒரு எண். அம்மாவின் முகம்தான் உண்மையான பெறுபேறு.

அந்த எண்ணைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டமும் மொழிமூலத்துக்கு மொழிமூலமும் மாறும். ஒரே 140, ஓரிடத்தில் போதும், இன்னோர் இடத்தில் போதாது. எழுதும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறார்கள். வசதியில்லாத வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கை தூக்கிவிடுவதற்காக, இலவசக் கல்வி வந்த 1940களின் எண்ணத்தோடு பிறந்த ஏற்பாடு இது. பத்து வயதில் ஒரு பிள்ளை எவ்வளவு தேறும் என்று தீர்ப்புச் சொல்வதற்காக யாரும் இதைக் கொண்டுவரவில்லை. ஆனால் நாம் அதைத்தான் செய்கிறோம். சித்தியடைந்த பிள்ளைகளின் படம் போட்ட பெரிய பதாகை பாடசாலை வாசலில் தொங்கும். அதன் கீழேதான் மற்றப் பிள்ளைகள் வருடம் முழுக்க நடந்து போக வேண்டும். அதிபர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும் என்று நான் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன், இங்கேயும் கேட்கிறேன்.

உங்கள் மகனிடம் ‘பரவாயில்லை, விடு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அவனுக்கு அது பெரிய விசயம். ஒரு வருடம் டியூஷனுக்கு நடந்திருக்கிறான். ‘உனக்குக் கவலையாக இருக்கும், எனக்கும் கவலைதான். ஆனால் உன் மேலே எனக்குக் கோபம் இல்லை’ என்று சொல்லுங்கள். இந்த மூன்றையும் ஒன்றாகச் சொல்வது முக்கியம். கவலையை மறைத்தால் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்வான். அப்புறம் பெறுபேறு வருவதற்கு முன்னால் அவன் செய்துகொண்டிருந்த ஏதாவது ஒன்றை, பந்து விளையாட்டோ கோழிக்குத் தீனி வைப்பதோ, அன்றைக்கே திரும்பத் தொடங்க விடுங்கள். ‘இனி விளையாட்டும் இல்லை, டீவியும் இல்லை’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள்.

என் வகுப்பில் இப்படி ஒரு பையன் இருந்தான். பெறுபேறு வந்த பிறகு அவன் அம்மா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அவர் கெட்ட தாய் இல்லை, என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு நாளை அவன் உயர்தரம் படிக்கும்போதும் என்னிடம் சொன்னான். புள்ளி எத்தனை என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டிச் சொன்னால் ரோசம் வந்து படிக்குமே?

சில பிள்ளைகளுக்கு ஒரு கிழமை வரும். பிறகு அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளை மேல் வெறுப்பு வரும். லயத்தில் ஒரு வீட்டில் திட்டினால் ஆறு வீட்டுக்குக் கேட்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் ஒருமுறை சொன்னது பிள்ளைக்கு ஊரே சொன்னது மாதிரி. கண்டிக்க வேண்டியதை மெதுவாக, அதுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லுங்கள். ஒப்பிட வேண்டுமென்றால் போன மாதத்து அதே பிள்ளையோடு ஒப்பிடுங்கள்.

என் மகளுக்கு 13 வயது. டவுன் பாடசாலையில் படிக்கிறாள். நாங்கள் லயத்தில் இருப்பதைத் தோழிகளிடம் மறைக்கிறாள். ஒரு பஸ் ஹோல்ட் தள்ளி இறங்கி நடந்து வருகிறாள். என்னைப் பாடசாலைக்கு வர வேண்டாம் என்கிறாள்.

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மா கண் கலங்கித்தான் கேட்டார். கேட்ட எனக்கும் அப்படித்தான் இருந்தது. காரணம், அந்த மகள் நான்தான்.

ஏழாம் வகுப்பில் நானும் டவுனுக்குப் போய்ப் படித்தேன். முதல் நாள் எல்லாரையும் எழுப்பி அப்பா என்ன தொழில் என்று கேட்டார்கள். நான் ‘கிளாக்கர்’ என்றேன். அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். பெற்றோர் தினத்தன்று அம்மா நல்ல சேலை கட்டித்தான் வந்தார். ஆனால் விரல் நுனியில் கொழுந்துக் கறை போகவில்லை. நான் கழிவறைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. போகும் வழியில் ஒன்றும் கேட்காமல் கடையில் ஒரு பணிஸ் வாங்கிக் கையில் தந்தார். அந்தப் பணிஸை என்னால் விழுங்க முடியவில்லை.

ஆகவே முதலில் சொல்வது, மகள் மேல் கோபப்படாதீர்கள். ‘பெத்தவளையே மறைக்கிறாயா’ என்று கேட்டால் ஏற்கெனவே இருக்கும் வெட்கத்தோடு குற்ற உணர்வும் சேரும். வெட்கம் அவளுக்குள் முளைக்கவில்லை, வெளியிலிருந்து வந்தது. தோட்டத்து ஆட்களை இழிவாகச் சொல்லும் ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லை அவள் எங்கேயோ கேட்டிருக்கிறாள். முகவரி எழுதச் சொன்ன ஒவ்வொரு படிவமும் அவளுக்கு ஒன்றைச் சொல்லியிருக்கிறது. மற்றப் பிள்ளைகள் வீட்டு இலக்கம், வீதிப் பெயர் என்று எழுதுகிறார்கள். அவள் தோட்டத்தின் பேரையும் டிவிஷனையும் எழுதுகிறாள். லயத்து வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி முகவரி இல்லாமல், கடிதம் தோட்டத்து ஆபிஸுக்கு வந்து யார் கையிலோ ஏறி வருகிறது. நேர்முகத் தேர்வுக் கடிதம் திகதி முடிந்து கைக்கு வந்த கதை எந்தத் தோட்டத்தில் இல்லை? இப்படி வளரும் பிள்ளைக்கு ‘நீ பெறுமதியானவள்’ என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தால் மட்டும் போதாது. அவள் எங்கிருந்து வருகிறாள் என்பதற்கு ஒரு கதை வேண்டும்.

அந்தக் கதை நம்மிடம் இருக்கிறது, நாம்தான் சொல்வதில்லை. லூல்கந்துரவில் 1867ல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார் என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். காட்டை வெட்டி, கன்று நட்டு, கூடை சுமந்த கைகள் யாருடையவை என்று வீட்டில் சொல்லுங்கள். 1948ல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் நம் ஆட்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனதையும், 1964ல் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் செய்த ஒப்பந்தத்தால் குடும்பங்கள் பிரிந்து கப்பல் ஏறியதையும், 2003ல் வந்த சட்டத்தோடுதான் மீதி இருந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைத்ததையும் சொல்லுங்கள். 2023ல் மலையகத்துக்கு 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்தப் பாதை எதற்காக என்று பிள்ளைக்குத் தெரியட்டும். தென்னிந்தியாவிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கிய முன்னோர் காட்டு வழியே நடந்து வந்த பாதை அது.

கஷ்டத்தை மட்டும் சொல்லாதீர்கள். பாவப்பட்ட சனம் என்று மட்டும் கேட்டு வளர்ந்தால் பிள்ளைக்குத் தன் மேல் இரக்கம்தான் வரும், மதிப்பு வராது. வட்டகொடை மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆசிரியராகி, தொழிற்சங்கத்தில் நின்று, 1947ல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனதையும், நம் ஆட்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தேடிச் சேர்த்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதோடு உங்கள் அப்பாயி, அம்மாயி கதையும். பெரிய ஆட்களின் கதையைவிட வீட்டு ஆட்களின் கதைதான் பிள்ளைகளின் மனதில் கூடுதல் நாள் நிற்கிறது, இது நான் வகுப்பில் கண்டது.

யாராவது ‘தோட்டக்காட்டான்’ என்று திட்டினால் என்ன செய்வது என்று வீட்டிலேயே பழக்குங்கள். நேராகப் பார்த்து, குரலை உயர்த்தாமல், ‘அப்படிச் சொல்லாதே, என் பேரைச் சொல்லிக் கூப்பிடு’ என்றால் போதும். சொன்னது ஆசிரியராக இருந்தால் அதைப் பிள்ளையின் தலையில் விடாதீர்கள். நீங்களே அதிபரிடம் போங்கள், தனியாகப் போகத் தயக்கமென்றால் இன்னொரு பெற்றோரோடு போங்கள். ‘விடு பாப்பா, நாமெல்லாம் அப்படித்தானே’ என்ற பேச்சு வேண்டாம். வெளியார் சொன்னதைவிட அது ஆழமாகப் போகும்.

அந்த அம்மாவிடம் கடைசியாக இதையும் சொன்னேன்: பாடசாலைக்குப் போங்கள், ஆனால் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். திடீரென்று போய் நிற்க வேண்டாம். அவள் தயாராக நேரம் கொடுங்கள். எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

வீட்டு வேலை வாங்கினால் பிள்ளையின் மனசு வாடுமா?

வாடாது. அளவோடு இருந்தால் வளரும். ஹவாயில் உள்ள கவாய் என்ற சின்னத் தீவில் 1955ல் பிறந்த பிள்ளைகளை எமி வேர்னர் என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும் பல பத்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். அங்கேயும் கரும்பு, அன்னாசித் தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பங்கள் நிறைய. வறுமை, குடி, வீட்டுச் சண்டை எனப் பல கஷ்டங்களோடு வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல மனிதர்களாக, நம்பிக்கையோடு எழுந்து வந்தார்கள். அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால், தன்னை ஏற்றுக்கொண்ட பெரியவர் ஒருவராவது இருந்திருக்கிறார். அப்பா அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அதோடு அந்தப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் ஒரு பொறுப்பு இருந்திருக்கிறது.

‘நான் இல்லையென்றால் இந்த வேலை நடக்காது’ என்ற உணர்வு அவ்வளவு பெரியது. வாழைமரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது, மாலையில் சாயத்தண்ணி போடுவது, தம்பியின் புத்தகத்துக்கு உறை போடுவது எதுவானாலும் சரி. பையனுக்கும் கொடுங்கள், பெண் பிள்ளை தலையிலேயே எல்லாவற்றையும் கட்டாதீர்கள். பாடசாலையை நிறுத்திவிட்டுத் தம்பி தங்கையைப் பார்க்க வைப்பதும், கொழும்பில் வீட்டு வேலைக்கோ கடைக்கோ அனுப்புவதும் பொறுப்புக் கொடுப்பது ஆகாது. 16 வயது வரை பிள்ளை படித்தாக வேண்டும் என்பது சட்டம்.

பாடசாலைக்கு வெளியிலும் பாருங்கள். வகுப்பில் வாயே திறக்காத பையன் ஒருவன் எங்கள் பக்கம் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தில் ரதி வேசம் கட்டினான். மாசிக் குளிரில் விடிய விடிய ஆடினான். அன்றைக்கு அவன் நின்ற நிலையை நான் வகுப்பில் கண்டதே இல்லை. அடுத்த கிழமை வகுப்பில் அந்தப் பாட்டில் ஒரு அடியைப் பாடச் சொன்னேன், பாடினான். பிறகு வாசிக்கவும் சொன்னேன், வாசித்தான். தப்பு அடிக்கிறவன், கரப்பந்து ஆடுகிறவள், ரேடியோ கழற்றிப் பூட்டுகிறவன், யாராக இருந்தாலும் அதைப் படிப்புக்கு இடைஞ்சல் என்று வெட்டிவிடாதீர்கள்.

அடியாத மாடு படியாது என்பார்களே?

மாட்டுக்குச் சொன்னது. அடி வாங்கிய பிள்ளை அடிக்கு முன்னால் பணியும், அடிப்பவர் இல்லாத இடத்தில் பொய் சொல்லும், தன்னைவிடச் சின்னதை அடிக்கும். பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005லேயே சுற்றுநிருபம் (2005/17) அனுப்பிவிட்டது. ஆசிரியராக நானும் முதல் இரண்டு வருடம் பிரம்பு வைத்திருந்தேன். அந்த வகுப்புப் பிள்ளைகளை இப்போது பஸ்ஸில் காணும்போது மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருக்கும். ஒருவனிடம் கேட்டும் இருக்கிறேன். வாயால் அடிப்பதும் அடிதான். ‘தண்டம்’, ‘உதவாக்கரை’, ‘உனக்கெல்லாம் எதுக்குப் படிப்பு’ என்பவை பிரம்பைவிட நாள் கூட நிற்கும். செய்ததைக் கண்டியுங்கள், பிள்ளையைக் கண்டிக்காதீர்கள். ‘பொய் சொன்னாய்’ என்பது வேறு, ‘நீ பொய்யன்’ என்பது வேறு.

அம்மா குவைத்தில். அப்பா சாயங்காலமானால் தண்ணியில். நான் பாட்டி. என்னால் மூன்று பிள்ளைகளுக்கு என்ன செய்ய முடியும்?

மேலே சொன்ன அந்த ‘ஒருவராவது’ நீங்கள்தான் அம்மா. உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் சரி. பாடசாலை விட்டு வரும்போது வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்து, ‘வந்துட்டியா, இன்னைக்கு யாரோட விளையாடினே’ என்று ஒவ்வொரு நாளும் கேட்பது ஒன்று போதும். அப்பா குடித்துவிட்டுச் சத்தம் போடும்போது, அது பிள்ளைகளால் இல்லை என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் எல்லாப் பிழையையும் தங்கள் மேல் போட்டுக்கொள்ளும். நிலைமை கையை மீறினால் எந்த வீட்டுக்குப் போவது என்று முன்னமே பேசி வையுங்கள்.

குவைத்திலிருக்கும் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். அங்கே நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பிந்தித்தான் நேரம், ஆகவே ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, பிள்ளைகள் தூங்குவதற்கு முன்னால் கூப்பிடட்டும். எடுத்ததும் ‘எத்தனை மார்க்ஸ்’ என்று கேட்க வேண்டாம். போன கிழமை பிள்ளை சொன்ன ஏதாவது ஒன்றை நினைவு வைத்துக் கேட்கட்டும். ‘அந்தப் பூனைக்குட்டி பால் குடிக்குதா?’ தூரத்தில் இருந்தாலும் அம்மா என்னை மனசில் வைத்திருக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரிவது அப்படித்தான்.

மகள் எந்நேரமும் போனில். நிறம் கறுப்பு என்று அழுகிறாள், கிரீம் வாங்கித் தரச் சொல்கிறாள்.

போனைப் பிடுங்குவதற்கு முன்னால், ‘கறுத்துப் போயிட்டே, வெயில்ல போகாதே’ என்று வீட்டில் யார் சொன்னார்கள் என்று யோசியுங்கள். பெரும்பாலும் நாம்தான். சில வெளுப்பாக்கும் கிரீம்களில் பாதரசம் இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று அவளிடம் சொல்லுங்கள். போனில் காண்கிற முகங்களில் பல நிறம் மாற்றியவை என்பதைச் சேர்ந்திருந்து பார்த்துக் காட்டுங்கள். இரவில் போன் பெரியவர்கள் படுக்கும் பக்கம் சார்ஜில் இருக்கட்டும். பெண் பிள்ளை பெரியவளானதும் சடங்கு என்று வாரக்கணக்கில் பாடசாலையை நிறுத்துவதையும் இதோடு யோசிக்க வேண்டும். உடம்பு வளர்ந்தது மறைக்க வேண்டிய விசயம் என்று அப்போதுதான் முதன்முதலாகக் கற்றுக்கொள்கிறாள்.

சாதாரணச் சோர்வா, பயப்பட வேண்டியதா, எப்படித் தெரியும்?

இரண்டு கிழமைக்கு மேலாகப் பிடித்த எதையும் தொடாமல் இருப்பது, தூக்கமும் சாப்பாடும் மாறுவது, தன் பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுப்பது, கையில் கீறல்கள், ‘நான் இல்லாட்டி உங்களுக்கு நல்லது’ என்ற பேச்சு. இவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். ‘செத்துப்போகலாம் போல இருக்கா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. இருக்கிற எண்ணத்தைச் சொல்ல வழி கிடைக்கும். புல்லுக்கு அடிக்கிற மருந்து, மாத்திரைகள் எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள், பிள்ளையைத் தனியே விடாதீர்கள், அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. யாராவது பிள்ளையைத் துன்புறுத்துவதாகத் தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. இரண்டையும் அலுமாரிக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

எனக்கே என் மேலே மதிப்பில்லை டீச்சர். கொழுந்து எடுக்கிறவள் நான். பிள்ளைக்கு எதைக் கொடுப்பேன்?

நாளெல்லாம் அட்டைக் கடியோடு மலையில் நின்று, பின்னேரம் அரைப்பேர் என்று கேட்டுவிட்டு வருகிறவளிடம் ‘உன்னை நீயே மதி’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்கள் கூலியும் உங்களை நடத்தும் விதமும் மாற வேண்டும், அது வேறு போராட்டம். ஆனால் பிள்ளை முன்னால் ‘நாங்க கொழுந்து எடுக்கிறவங்கதானே’ என்று சொல்வதை மட்டும் நிறுத்திப் பாருங்கள். அதற்குப் பதிலாக ஒரு நாள் இராத்திரி, சோறு சாப்பிட்ட பிறகு, எந்த இலையை எடுப்பது, எதை விடுவது, மழையில் எப்படி எடுப்பது, வளர்ச்சி நின்ற வங்கிக் கொழுந்தை விரல் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். பாடசாலையில் நாங்கள் யாரும் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை, எங்களுக்குத் தெரியாது. பிள்ளை கட்டாயம் கேள்வி கேட்கும். பார்க்காமலே எப்படி எடுக்கிறீங்க அம்மா என்று என் அம்மாவிடம் நான் கேட்டேன், 15 வயதில். அவர் அடுப்படியிலிருந்து எழும்பி வந்து, என் விரலைப் பிடித்துக் காட்டினார்.